‘ரன்’ அழுத்துவதற்கு முன்: கடலூர், சிதம்பரம் மின்பொறியியல் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்



சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் கடலூரைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளிலும் மின்பொறியியல் கடைசி ஆண்டு படிக்கிற உங்களுக்கு இந்தக் கடிதம். ஆண்டுதோறும் உங்களில் பலர் ப்ராஜெக்டுக்குப் பவர் ஃபேக்டர் கரெக்‌ஷன் (பிஎஃப்சி) கன்வர்ட்டரை எடுக்கிறீர்கள். பூஸ்ட், பிரிட்ஜ்லெஸ் பூஸ்ட், இன்டர்லீவ்டு பூஸ்ட், செபிக், லுவோ என்று பெயர்தான் மாறுகிறது. வந்து சொல்கிற குறை மாறுவதில்லை: “சிமுலேஷன்ல கரன்ட் சரியா வரல சார். எங்க தப்புன்னு தெரியல. திங்கட்கிழமை ரெவ்யூ.”

நான் கடலூர்க்காரன். பவர் சப்ளை வடிவமைப்பது பிழைப்பு. மடிக்கணினியோடு வந்து உட்காருகிற மாணவர்களின் திரையில் நான் பார்க்கிற கோளாறுகள் பெரும்பாலும் ஒரே வகையறா. சர்க்யூட்டே தப்பாக இருப்பது அபூர்வம். எல்லோரும் புத்தகத்திலிருந்துதானே எடுக்கிறீர்கள். தப்பு அதைச் சுற்றி இருக்கும். கிரவுண்டு வைத்த இடத்தில் இருக்கும், டைம் ஸ்டெப்பில் இருக்கும், நீங்கள் திறந்தே பார்க்காத டயோடின் பாராமீட்டர் பெட்டியில் இருக்கும், இவை எதிலும் இல்லையென்றால் அளந்த முறையில் இருக்கும். இவற்றில் முக்கால்வாசிக்கு எர்ரர் மெசேஜ் வராது. வரவேண்டிய எண் என்ன என்று முன்னாலேயே கையால் போட்டு வைத்திருப்பவர்தான் அதைப் பிடிக்க முடியும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் அதற்கான விவரம்.

கன்வர்ட்டருக்குள் போவதற்கு முன் ஒரு குழப்பத்தை ஓரமாக வைத்துவிடுவோம். கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கம் இறால் குட்டைகளில் ஏரேட்டர் சுற்றுகிறதே, அது இன்டக்‌ஷன் மோட்டார். அங்கே கரன்ட் வோல்டேஜுக்குப் பின்தங்கி வரும். ஆனால் அலை சைன் அலையாகவே இருக்கும். சரியான அளவு கெப்பாசிட்டர் போட்டால் வேலை முடிந்தது. கடலூர் சிப்காட்டில் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை கெப்பாசிட்டர் பேனல் நிற்பது இதற்காகத்தான். உயரழுத்த இணைப்பில் பவர் ஃபேக்டர் 0.90-க்குக் கீழே இறங்கினால், குறையும் ஒவ்வொரு 0.01-க்கும் மின்கட்டணத்தில் 1 சதவீதம் கூடுதலாகக் கட்டவேண்டும், 0.85-க்குக் கீழே போனால் அந்த விகிதமும் ஏறும். முதலாளிக்கு இது மாதாமாதம் பில்லில் தெரிகிற விஷயம்.

நீங்கள் கையில் எடுத்திருப்பது வேறு நோய். கம்ப்யூட்டரிலும் டிவியிலும் பிரிட்ஜ் ரெக்டிஃபையருக்குப் பின்னால் ஒரு பெரிய கெப்பாசிட்டர் உட்கார்ந்திருக்கிறது. வோல்டேஜ் உச்சியைத் தொடும் சில நொடித்துளிகளில் மட்டும் அது கரன்டை உறிஞ்சும். மற்ற நேரம் சும்மா இருக்கும். கரன்ட் பின்தங்கவில்லை, உருக்குலைந்திருக்கிறது. பவர் ஃபேக்டர் 0.6 பக்கம் வந்து நிற்கும். இதற்கு வெளியே கெப்பாசிட்டர் போட்டால் நோய் போகாது, சில வேளை கூடும். இப்படிப்பட்ட சுமைகள் மூன்று ஃபேஸிலும் சமமாக இருந்தால்கூட மூன்றாம் ஹார்மானிக் நியூட்ரலில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாமல் கூடிக்கொள்ளும். ஃபேஸ் கரன்டைவிட நியூட்ரல் கரன்ட் அதிகமாகி, 1.73 மடங்குவரை போகலாம். கம்ப்யூட்டர் லேபும் ஹாஸ்டலும் நிறைந்த ஒரு கட்டடத்தில் நியூட்ரல் கம்பி ஏன் சூடாகிறது என்று எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிவது இதனால்தான்.

ஐஇசி 61000-3-2 என்ற தரநிலை உங்கள் எல்லோருடைய அறிக்கையிலும் முதல் அத்தியாயத்தில் வரும். அதைப் படித்தவர்கள் குறைவு. கம்ப்யூட்டர், டிவி போன்றவற்றுக்கான டி வகுப்பில் அது பவர் ஃபேக்டரைக் கேட்பதே இல்லை. ஒவ்வொரு ஹார்மானிக் கரன்டும் இத்தனை மில்லிஆம்பியருக்கு மேல் போகக்கூடாது என்கிறது. மூன்றாம் ஹார்மானிக்குக்கு ஒரு வாட்டுக்கு 3.4 மில்லிஆம்பியர். 300 வாட் சாதனமானால் 1.02 ஆம்பியர். 40-ஆம் ஹார்மானிக் வரை, அதாவது நம் 50 ஹெர்ட்ஸுக்கு 2000 ஹெர்ட்ஸ் வரை பார்க்கவேண்டும். இந்த 2000 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். பின்னால் வேலைக்கு ஆகும்.

இனி ஒரு கணக்கு. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் இன்புட்; 400 வோல்ட், 300 வாட் அவுட்புட்; 1 மில்லிஹென்றி இன்டக்டர், 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 100 கிலோஹெர்ட்ஸ் ஸ்விட்சிங். உங்களில் பாதிப் பேருடைய பூஸ்ட் பிஎஃப்சி இதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஒரு காகிதம் எடுங்கள். லோடு ரெசிஸ்டர் 533 ஓம். இன்புட் கரன்ட் 1.30 ஆம்பியர், உச்சம் 1.84 ஆம்பியர். இன்டக்டரில் ஸ்விட்சிங் ரிப்பிள் அதிகபட்சம் 1 ஆம்பியர். அது வருவது டியூட்டி 0.5 ஆகும் இடத்தில், அதாவது இன்புட் 200 வோல்ட்டைக் கடக்கும்போது. சைன் அலையின் உச்சியில் ரிப்பிள் 0.61 ஆம்பியர்தான். அவுட்புட்டில் 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள் உச்சிக்கு உச்சி கிட்டத்தட்ட 11 வோல்ட். கால்குலேட்டரில் பத்து நிமிட வேலை. ரன் அழுத்திய பிறகு இந்த எண்கள் வரவில்லையென்றால் எங்கோ கோளாறு. வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

எண்கள் வராமல் கரன்ட் கிலோஆம்பியரில் போகிறதா? அதுவும் ஒரு பாதிச் சுழற்சியில் மட்டும்? கிரவுண்டைப் பாருங்கள். ஏசி சோர்ஸின் நியூட்ரலுக்கு ஒரு கிரவுண்டு, பிரிட்ஜுக்குப் பின்னால் டிசி மைனஸுக்கு ஒரு கிரவுண்டு என்று இரண்டு வைத்திருப்பீர்கள். அழகுக்காக வைத்த இரண்டாவது கிரவுண்டு, பிரிட்ஜின் கீழ் டயோடுகளில் ஒன்றைக் குறுக்கே கம்பி போட்டு இணைத்ததற்குச் சமம். லைன் மைனஸாகும் பாதியில் இன்னொரு கீழ் டயோடு வழியாகச் சோர்ஸ் நேராக ஷார்ட் ஆகிறது. டயோடின் ஆன் ரெசிஸ்டன்ஸ் 0.001 ஓம் என்று இருந்தால் தடுக்க வேறு யார் இருக்கிறார்கள்? டிசி மைனஸுக்கு மட்டும் கிரவுண்டு வைத்துவிட்டு ஏசி பக்கத்தை மிதக்க விடுங்கள். இதைத் திரையில் சரிசெய்துவிட்டு மறந்துவிடாதீர்கள். லேபில் ஆசிலாஸ்கோப்பின் எர்த் கிளிப்பை டிசி மைனஸில் கவ்வினாலும் இதே ஷார்ட்தான். மின்வாரியத்தின் டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரல் ஏற்கெனவே எர்த் ஆகியிருக்கிறது. ஸ்கோப்பின் கிளிப்பும் எர்த். திரையில் அலை கெட்டது, மேஜையில் பிரிட்ஜ் வெடிக்கும். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் அல்லது டிஃபரென்ஷியல் புரோப் இல்லாமல் அங்கே ஸ்கோப்பைக் கொண்டுபோகக்கூடாது.

அடுத்து டைம் ஸ்டெப். மேட்லேப் சிமுலிங்க்கில் பவர்ஜியுஐ பிளாக்கை இழுத்துப் போட்டு ‘டிஸ்கிரீட்’ என்று மாற்றினால் சாம்பிள் டைம் 50 மைக்ரோசெகண்டு என்று இருக்கும். பவர் சிஸ்டம்காரர்களுக்கு அது போதும். உங்கள் ஸ்விட்சிங் பீரியட் 10 மைக்ரோசெகண்டு. ஒரு ஸ்டெப்புக்குள் ஐந்து முழுச் சுழற்சிகள் ஓடிவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், 50 என்பது 10-இன் சரியான மடங்கு. ஒவ்வொரு ஸ்டெப்பிலும் ரம்பப்பல் கேரியரை அதே இடத்தில்தான் பார்க்கிறீர்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் சுற்றுகிற மின்விசிறி நிற்பதுபோல் தெரிகிறதே, அதேபோல் கேரியர் உறைந்து நின்றுவிடும். பிடபிள்யூஎம் என்பதே இல்லை. கம்பேரட்டர் வெறுமே ஆன், ஆஃப் என்று அடிக்கிறது. ஆன் ஆனால் குறைந்தது 50 மைக்ரோசெகண்டு ஆன். 325 வோல்ட் 1 மில்லிஹென்றியில் 50 மைக்ரோசெகண்டு நின்றால் கரன்ட் 16 ஆம்பியர் ஏறும். உங்களுக்கு வேண்டிய உச்சமோ 1.84.

பிஐ கன்ட்ரோலரின் கெயினை மாற்றி மாற்றி ராத்திரி முழுக்கப் போராடுகிறவர்களில் பலருக்கு இதுதான் பிரச்சினை. கெயினில் கை வைக்கும் முன் சாம்பிள் டைமைப் பாருங்கள். டியூட்டி 1 சதவீதத் துல்லியத்தில் வேண்டுமென்றால் 0.1 மைக்ரோசெகண்டு வேண்டும். அப்போது 20 மில்லிசெகண்டு லைன் சுழற்சி ஒன்றுக்கு 2 லட்சம் ஸ்டெப். அரை விநாடி ஓட்ட 50 லட்சம். கல்லூரி லேப் கம்ப்யூட்டர் திணறும். அதற்கு வழி இருக்கிறது, கீழே வருகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு அடுத்தது. எல்லாம் சரியாக ஓடுகிறது, கரன்ட் அழகான சைன் அலை, அவுட்புட் 400. ஆனால் எஃபிஷியன்சி 83 சதவீதம். அறிக்கையில் ‘வழக்கமான பூஸ்ட் கன்வர்ட்டரில் இழப்பு அதிகம், எனவே நாங்கள் முன்மொழிவது’ என்று ஒரு பத்தி எழுதிவிடுகிறார்கள். 60 வாட் எங்கே போயிற்று என்று கேட்டால் பதில் இல்லை. சிம்ஸ்கேப் எலக்ட்ரிகலின் ஸ்பெஷலைஸ்டு பவர் சிஸ்டம்ஸ் நூலகத்திலிருந்து டயோடை எடுத்தால், கேட்காமலே கூடவே ஒரு ஸ்னப்பர் வரும்: 500 ஓம், 250 நானோஃபாரட். 50 ஹெர்ட்ஸ் ரெக்டிஃபையருக்கு அதனால் தொந்தரவில்லை. பூஸ்ட் டயோடில் 100 கிலோஹெர்ட்ஸில் 400 வோல்ட் சதுர அலை ஏறி இறங்குகிறது. ஸ்னப்பரின் டைம் கான்ஸ்டன்ட் 125 மைக்ரோசெகண்டு என்பதால் அதன் கெப்பாசிட்டர் சராசரியில் நின்றுவிடும். மாறுகிற பங்கு முழுவதும் 500 ஓம் மேல் விழும். டியூட்டி 0.5 இருக்கும் கணத்தில் 80 வாட். லைன் சுழற்சி முழுவதற்கும் சராசரி எடுத்தால் கிட்டத்தட்ட 60 வாட். தொலைந்துபோன வாட் இதோ. நிஜத்தில் இல்லாத ஒரு ரெசிஸ்டர், மென்பொருளுக்குள் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறது. பெட்டியைத் திறந்து ஸ்னப்பர் ரெசிஸ்டன்ஸை முடிவிலி என்று மாற்றுங்கள். மென்பொருள் முரண்டு பிடித்தால் 1 மெகாஓம் கொடுங்கள்.

உள்ளே போன வாட்டும் வெளியே வந்த வாட்டும் ஒத்துப்போகிறதா, வித்தியாசம் எந்தெந்த உறுப்பில் போயிற்று என்று கூட்டிக் காட்ட முடிந்தால்தான் சிமுலேஷன் சரி. அலைவடிவம் அழகாக இருப்பது ஒரு சான்றே அல்ல. எக்ஸ்டர்னலாக வரும்போது வைவாவில் என் வழக்கமான முதல் கேள்வியும் இதுதான், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

தொடக்க நிலை பற்றிச் சுருக்கமாக. கெப்பாசிட்டர் பூஜ்யத்தில் இருந்து தொடங்கினால், மாஸ்ஃபெட் எதுவும் செய்யாமலே இன்டக்டர், டயோடு வழியாகக் கெப்பாசிட்டர் நிரம்பும். சைன் உச்சியில் ஸ்விட்ச் போட்ட மாதிரி இருந்தால் அந்த முதல் கரன்ட் 150 ஆம்பியரைத் தொடும். அவுட்புட்டும் 400-ஐத் தாண்டி எகிறும். இது கன்ட்ரோலரின் குற்றமல்ல. நிஜ சர்க்யூட்டில் இதற்காகவே என்டிசி தெர்மிஸ்டரும் பைபாஸ் டயோடும் இருக்கின்றன. உங்கள் ஆர்வம் நிலைத்த நிலையில் என்றால் கெப்பாசிட்டருக்கு 400 வோல்ட் தொடக்க மதிப்புக் கொடுத்துவிட்டுப் போங்கள். இன்னொன்று: கரன்ட் ரெஃபரன்ஸைக் கணக்கிட இன்புட் வோல்டேஜின் சராசரியின் வர்க்கத்தால் வகுக்கிறீர்கள் அல்லவா? அந்தச் சராசரியைத் தரும் ஃபில்டர் பூஜ்யத்தில் தொடங்கினால் முதல் கணத்திலேயே பூஜ்யத்தால் வகுத்தல். பிறகு எல்லா அலைகளும் எண்ணே இல்லாமல் மறைந்துவிடும். ஃபில்டருக்குத் தொடக்க மதிப்பு கொடுங்கள், கீழ் வரம்பும் வையுங்கள்.

இப்போது அந்த 11 வோல்ட்டுக்கு வருவோம். ‘டிசி என்று சொன்னார்கள், இதில் 100 ஹெர்ட்ஸ் ஆடுகிறதே’ என்று வோல்டேஜ் லூப்பின் கெயினை ஏற்றி ரிப்பிளை அமுக்கப் பார்ப்பீர்கள். அவுட்புட் தட்டையாகும், இன்புட் கரன்ட் கோணலாகும். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது, காரணம் எளிது. சிங்கிள் ஃபேஸில் சைன் கரன்ட் எடுத்தால் உள்ளே வரும் பவர் விநாடிக்கு 100 முறை பூஜ்யத்துக்கும் 600 வாட்டுக்கும் இடையே ஏறி இறங்கும். வெளியே போவது நிலையான 300 வாட். வித்தியாசத்தைக் கெப்பாசிட்டர்தான் தாங்கவேண்டும். அது தாங்குகிற அடையாளம்தான் அந்த ரிப்பிள். வோல்டேஜ் லூப் அதைத் திருத்தப் பார்த்தால் கரன்ட் ரெஃபரன்ஸில் 100 ஹெர்ட்ஸ் கலந்து, இன்புட்டில் மூன்றாம் ஹார்மானிக் பிறக்கும். எர்ரர் ஆம்ப்ளிஃபையர் அவுட்புட்டில் 1 சதவீதம் இரண்டாம் ஹார்மானிக் இருந்தால் இன்புட் கரன்டில் அரை சதவீதம் மூன்றாம் ஹார்மானிக்.

யூனிட்ரோட் நிறுவனத்தின் யுசி3854 ஐசியையும் அதற்கு ஃபிலிப் டாட் எழுதிய யு-134 அப்ளிகேஷன் நோட்டையும் யாராவது கைடு சொல்லியிருப்பார். 250 வாட் பூஸ்ட் பிஎஃப்சியைக் கையைப் பிடித்து அழைத்துப்போகிற அந்த நோட் இன்றைக்கும் பழசாகவில்லை. கம்பெனிதான் 1999-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கைக்குப் போய்விட்டது. அதை வரிவிடாமல் படிப்பது, பத்து ஐஈஈஈ தாள்களின் முன்னுரையைப் படிப்பதைவிட மேல். வோல்டேஜ் லூப்பை ஏன் 10, 20 ஹெர்ட்ஸ் அளவில் மந்தமாக வைக்கிறார்கள் என்பது அங்கே புரியும். மந்தமான லூப் நிலைப்பட ஐந்தாறு லைன் சுழற்சி எடுக்கும். உங்கள் சிமுலேஷனோ 0.1 விநாடியில் முடிந்துவிடுகிறது, அதாவது நிலைப்படுவதற்கு முன்னால் எடுத்த படத்தைத்தான் அறிக்கையில் ஒட்டுகிறீர்கள்.

நீண்ட நேரம் ஓட்டவேண்டும், ஸ்டெப்போ 0.1 மைக்ரோசெகண்டு. இந்த இடத்தில்தான் ஆவரேஜ் மாடல் கைகொடுக்கும். கால்டெக்கில் மிடில்புரூக்கும் சுக்கும் 1976-இல் கொடுத்த வழி: ஸ்விட்சையும் டயோடையும் தூக்கிவிட்டு, டியூட்டியைப் பொறுத்து மாறும் ஒரு வோல்டேஜ் சோர்ஸும் ஒரு கரன்ட் சோர்ஸும் போடுவது. ஸ்விட்சிங் ரிப்பிள் மறையும், மெதுவான நடத்தை அப்படியே நிற்கும். ஸ்டெப்பை 10 மைக்ரோசெகண்டு ஆக்கினாலும் ஓடும். வோல்டேஜ் லூப்பை இதில் சரிசெய்துகொண்டு, கடைசியில் மூன்று நான்கு சுழற்சிக்கு மட்டும் ஸ்விட்சிங் மாடலை ஓட்டினால் லேப் கம்ப்யூட்டரே போதும். இரண்டிலும் கரன்ட் ஒத்துப்போகவில்லையென்றால் கோளாறு எந்தப் பக்கம் என்பதும் தெரிந்துவிடும். இதைச் செய்கிற மாணவர்கள் ஏன் இவ்வளவு குறைவு என்பது எனக்குப் புரியவில்லை. பாடத்திட்டத்தில் இருக்கிறது. பரீட்சைக்கு எழுதுகிறீர்கள். ப்ராஜெக்டில் மட்டும் தொடுவதில்லை.

எல்டிஸ்பைஸில் செய்கிறவர்களுக்கு வேறு தலைவலி: ‘டைம் ஸ்டெப் டூ ஸ்மால்’. இணையம் சொல்வதை நம்பி ரெல்டாலை 0.001-இலிருந்து 0.1 ஆக்கினால் எர்ரர் போய்விடும், கூடவே துல்லியமும். 1970-களில் பெர்க்லியில் லாரன்ஸ் நேகல் ஸ்பைஸை எழுதியபோது அதன் வேலை ஐசிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள். கணத்தில் மாறும் இலட்சிய ஸ்விட்ச் அதற்குப் பிடிக்காத பிராணி. நிஜமான பொருட்களை நிஜமாகக் கொடுங்கள்: டயோடுக்கு 100 பிக்கோஃபாரட் ஜங்ஷன் கெப்பாசிட்டன்ஸ், இன்டக்டருக்குக் கொஞ்சம் வைண்டிங் ரெசிஸ்டன்ஸ், கேட் பல்ஸுக்குப் பூஜ்யத்துக்குப் பதில் 20 நானோசெகண்டு ஏற்ற இறக்க நேரம். பெரும்பாலும் எர்ரர் தானாக அடங்கும். ஒவ்வொரு ஸ்டெப்பிலும் மேலும் கீழும் பல்லாகத் துடிக்கிற அலை வந்தால் அது சர்க்யூட்டின் துடிப்பல்ல, டிரபிசாய்டல் முறையின் துடிப்பு. கியருக்கு மாற்றிப் பாருங்கள். மேட்லேப் உரிமம் இல்லாமல் யாரோ பென்டிரைவில் கொடுத்ததை ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: எல்டிஸ்பைஸ் இலவசம், ஐஐடி பம்பாயின் ஃபாஸ்ஸி குழு தரும் இ-சிம்மும் இலவசம். பிஎஃப்சிக்கு அவை தாராளம்.

இனி அளவீடு. அறிக்கைகளில் நான் அதிகம் சந்தேகப்படும் எண் 0.9998. கணக்கு போடுவோம். மேலே சொன்ன கன்வர்ட்டருக்கு முன்னால் ஃபில்டர் போடவில்லையென்றால், இன்டக்டரின் 100 கிலோஹெர்ட்ஸ் ரிப்பிள் அப்படியே லைனுக்குப் போகிறது. அதன் ஆர்எம்எஸ் சுமார் 0.23 ஆம்பியர். 1.30-ஆல் வகுத்தால் டிஎச்டி 17 சதவீதம். பவர் ஃபேக்டர் 0.985. பிறகு 0.9998 எப்படி வந்தது? இரண்டு வழியில் வந்திருக்கும். ஒன்று, எஃப்எஃப்டி கருவி 1000 ஹெர்ட்ஸோடு நின்றுவிட்டது. அது தரநிலை கேட்கும் 2000-க்கே பாதி வழி. கருவியின் அடிப்படை அதிர்வெண் அமெரிக்க வழக்கப்படி 60 என்று நின்றுகொண்டிருக்கிறதா, தொடக்க நேரம் பூஜ்யமா என்றும் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் அலையை 60-ஆல் வெட்டினால் வருகிற ஹார்மானிக் எல்லாம் கற்பனை. இரண்டு, ஆக்டிவ் ரியாக்டிவ் பவர் பிளாக்கில் பி, க்யூ எடுத்துப் பவர் ஃபேக்டர் கணக்கிட்டிருப்பீர்கள். அந்த பிளாக் அடிப்படை அதிர்வெண்ணை மட்டுமே பார்க்கும். பிஎஃப்சியே இல்லாத வெறும் ரெக்டிஃபையரை அதில் கொடுத்தாலும் 0.95-க்கு மேல் சொல்லும். செய்துபாருங்கள். சராசரி பவரை, வோல்டேஜ் ஆர்எம்எஸ், கரன்ட் ஆர்எம்எஸ் இரண்டின் பெருக்கலால் வகுப்பதுதான் பவர் ஃபேக்டர். அதுவும் நிலைப்பட்ட பிறகு, முழுச் சுழற்சிகளில்.

பாதி லோடில் அலை கெடுகிறதே என்று பயப்படாதீர்கள். 150 வாட்டில் இதே கன்வர்ட்டர், இன்புட் 173 வோல்ட்டுக்குக் கீழே இருக்கும்போதெல்லாம் டிஸ்கன்டினியூவஸ் மோடுக்குப் போய்விடும். கரன்ட் லூப் முழு லோடுக்குச் சரிசெய்யப்பட்டது. அங்கே தடுமாறத்தான் செய்யும். அதையும் ஒரு படமாக அறிக்கையில் போடுங்கள்.

சைன் சோர்ஸ் என்பதே ஒரு சலுகைதான். சிதம்பரத்தில் சாயங்கால நேரம் லைன் வோல்டேஜை ஸ்கோப்பில் பார்த்தால் உச்சி தட்டையாக இருக்கும். ஊரிலுள்ள ரெக்டிஃபையர்கள் எல்லாம் அந்த உச்சியில்தானே உறிஞ்சுகின்றன. உங்கள் பிஎஃப்சி வோல்டேஜின் வடிவத்தைக் கரன்டில் நகலெடுப்பதால் கரன்டும் தட்டையாகும். டிஎச்டி சிமுலேஷனில் 2 சதவீதம், மேஜையில் 5 சதவீதம் என்றால் ஹார்ட்வேர் தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இன்வெர்ட்டர் அத்தியாவசியப் பொருளாகிவிட்டது. மலிவான இன்வெர்ட்டரில் வருவது சதுர அலை. அதை ஒரு சோர்ஸாகப் போட்டு உங்கள் கன்ட்ரோலர் என்ன செய்கிறது என்று ஒருமுறை பார்த்தால், எந்தத் தாளிலும் இல்லாத ஒரு பக்கம் உங்கள் அறிக்கையில் இருக்கும்.

ப்ராஜெக்ட் சென்டர்களைப் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை. பணம் கொடுத்து வாங்கிய மாடலில் மேலே சொன்ன தப்புகள் அனைத்தும் இருக்கும், கூடவே அவற்றை மறைக்கிற ஸ்கோப் அமைப்புகளும் இருக்கும். போன ஆண்டு சீனியர் வாங்கியதும் நீங்கள் வாங்கியதும் ஒரே கோப்பு என்பது எக்ஸ்டர்னலாக வருகிறவருக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். சரியாக வராத அலையை ஒளிக்காமல் கொண்டுவாருங்கள். ஏன் வரவில்லை, எப்படிக் கண்டுபிடித்தோம் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தால் நான் அதற்குத்தான் மதிப்பெண் கொடுப்பேன். உங்கள் கைடுகளும் அப்படியே செய்யவேண்டும் என்று இந்த மடல் வழியாகவே கேட்டுக்கொள்கிறேன்.

ஹார்ட்வேர் வரைக்கும் போகிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம், ஏனென்றால் இதை எந்த சிமுலேஷனும் சொல்லாது. வேரியாக்கில் 30 வோல்ட்டில் தொடங்கி, லைனில் தொடராக ஒரு 100 வாட் குண்டு பல்பு போட்டுக்கொள்ளுங்கள். அணைத்த பிறகும் அந்த 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் 17.6 ஜூல் இருக்கும், ஆளைத் தூக்கிப்போட அது போதும். லோடு கழன்றிருந்தால் அது தானாக வடியாது. 47 கிலோஓம், 2 வாட் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராகக் கெப்பாசிட்டர் முனைகளிலேயே சாலிடர் செய்துவிடுங்கள். ஒன்றே போட்டால் 400 வோல்ட்டை அந்த ஒற்றை ரெசிஸ்டர் தாங்குமா என்பது சந்தேகம். 50 வோல்ட்டுக்குக் கீழே வர முக்கால் நிமிடம் ஆகும். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

இப்படிக்கு,
கடலூரிலிருந்து ஒரு பவர் எலக்ட்ரானிக்ஸ் பொறியாளர்